ஓடிப் பார்த்த பெங்களூரு

எங்க அஞ்செட்டியில காலங்காத்தால ஒருத்தன் ஓடினா யானை வந்திருச்சுன்னு அர்த்தம். பெங்களூருல ஓடினா பயிற்சியாம்! 2008-ல ஆரம்பிச்ச டிசிஎஸ் வேர்ல்டு 10கே-க்குப் பேர் கொடுத்துட்டு லால்பாக்ல மூச்சு வாங்கிட்டிருக்கேன் மக்களே. அங்க இருக்குற பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம். என் முட்டிக்கும் அதே வயசுதான் போல.

நாலு வருஷமா கம்பெனி பஸ் ஜன்னல்ல தெரிஞ்சதுதான் எனக்குப் பெங்களூரு. போன ஞாயிறு வழி தப்பி கே.ஆர். மார்க்கெட் பக்கம் போயிட்டேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவுல, சாக்கு மேல ஒரு பெரியவர் தூங்கிட்டிருந்தார். லோடு ஏத்திட்டு வந்தா அப்பாவும் இங்கதான் படுப்பார். என் ரூம் மூணே கிலோமீட்டர். ஒரு தடவகூட நான் கூப்பிட்டதில்ல.

வாட்ச்சை நிறுத்திட்டு ஃபோன் போட்டேன்.

"ஏன்டா இப்படி மூச்சு வாங்குது, யானையா?"ன்னார்.