முக்கால் அங்குலம்

ரூகர் 10/22 ரைஃபிளின் குழலைக் கழற்ற இரண்டு ஸ்குரூக்களைத் திருகினால் போதும். பட்டறை வேண்டாம், லேத் வேண்டாம். ஒரு ஆலன் கீயும் மேசையில் கொஞ்சம் இடமும் இருந்தால் யாரும் செய்யலாம். 1964-ல் வந்த துப்பாக்கி இது. அந்த இரண்டு ஸ்குரூக்களை நம்பி அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலே வளர்ந்திருக்கிறது. வேறு குழல், வேறு டிரிக்கர், வேறு போல்ட், வேறு கட்டை என்று விற்கிறார்கள். ரூகர் நிறுவனம் செய்த ஒரு துண்டுகூட இல்லாமல் ஒரு முழு 10/22-ஐக் கோத்துவிடலாம்.

அதனால் சுடுதளத்தில் இரண்டு பேர் சந்தித்தால் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். கடையில் வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவதா, இல்லை ஆரம்பத்திலிருந்தே நல்ல பாகங்களாகப் பொறுக்கி ஒன்றைக் கட்டுவதா?

நான் ஓஹையோவில் கணினி வேலை பார்ப்பவன். எச்-1பி விசாவில் இருந்தவரை துப்பாக்கி வைத்திருக்க எனக்குச் சட்டப்படி அனுமதியில்லை. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை. கிரீன் கார்டு வந்தபிறகுதான் வாங்கினேன். மனைவி இரண்டு நிபந்தனைகள் போட்டாள். துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டுக்குள் இருக்க வேண்டும். அம்மாவிடம், "ஒலிம்பிக்ல சுடுவாங்கல்லம்மா, அந்த மாதிரி" என்றேன். அது பொய்யில்லை. ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றது இதே .22 அளவுத் தோட்டாவில்தான். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

இந்தத் தோட்டாவுக்கு ரிம்ஃபயர் என்று பெயர். வெடிக்கத் தூண்டும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ஒருமுறை நசுங்கிய விளிம்பு அவ்வளவுதான். பெரிய துப்பாக்கிக்காரர்கள் காலி உறையில் தாங்களே மருந்து அளந்து போட்டுக்கொள்வார்கள். நமக்கு அந்த வழியில்லை, கம்பெனி செய்து கொடுத்ததைத்தான் சுட வேண்டும். தோட்டாவில் கைவைக்க முடியாதவன் துப்பாக்கியில் கைவைக்கிறான். ரிம்ஃபயர்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுடுதளத்து நண்பர் ஒருவர், தான் கட்டிய ரைஃபிளை ஒருநாள் என்னிடம் கொடுத்தார். கனத்த குழல், கண்ணாடி உடைவது போலச் சட்டென்று விடும் டிரிக்கர். 50 கஜத்தில் ஐந்து குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போயின. என் ரைஃபிளில் அதே ஐந்தும் ஒன்றரை அங்குலத்துக்குச் சிதறும். அன்று ராத்திரியே எக்செல்லில் பட்டியல் போட்டேன். ரிசீவர், குழல், போல்ட், டிரிக்கர், கட்டை. கூட்டிப் பார்த்தால் 1,400 டாலர். என் ரைஃபிளை முந்நூற்றுச் சொச்சத்துக்கு வாங்கியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா விசிட்டர் விசாவில் வந்தார்.

அப்பாவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை இருந்தது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார். வாங்க ஆளில்லாமல் லேத் இரண்டும் இரும்பு விலைக்கு, கிலோ கணக்கில் போயின. அதற்கப்புறம் அப்பா எதிலும் கைவைக்கவில்லை. எங்கள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். கட்டைவிரல் மட்டும் எதையோ தடவிப் பார்ப்பதுபோல ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருக்கும். "பொழுது போகுதுங்களாப்பா?" என்று கேட்டால், "அதுபாட்டுக்குப் போகுது கண்ணு" என்பார்.

ஒருநாள் என் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"இதுல நீ செய்யறது எது?"

"எல்லாம் வாங்கிக் கோக்கணுங்கப்பா. பில்ட் பண்றதுன்னு சொல்லுவாங்க."

"இது அசெம்ப்ளி. பில்டுன்னா நீ குழல் கடையோணும்." கொஞ்சநேரம் விட்டு, "இப்ப இருக்கறதுல என்ன நோவு?" என்றார்.

"குண்டு சிதறுதுங்கப்பா."

"எதுனால?"

குழலாக இருக்கலாம், தோட்டாவாக இருக்கலாம், டிரிக்கராக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம் என்றேன்.

"நாலையும் ஒண்ணா மாத்திப்போட்டா, நோவு எதுலன்னு உனக்கு என்னைக்குத் தெரியும்? மோட்டார் சத்தம் போடுதுன்னு கொண்டாந்தா பேரிங்கு, புஷ்ஷு, ஷாஃப்ட்டு மூணையும் ஒரே நாள்ல மாத்தறவன் மெக்கானிக் இல்ல, வியாபாரி. ஒண்ண மாத்து. ஓட்டிப் பாரு. அப்புறம் அடுத்தது."

துப்பாக்கியைக் காட்டு என்றார். அதில் ஒரு சிக்கல். விசிட்டர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த ரிசீவர் மட்டும்தான். குழலும் டிரிக்கரும் கட்டையும் வெறும் உதிரிபாகங்கள், தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஆகவே ரிசீவரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மரக்கட்டையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா என் துப்பாக்கியை ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. ஆனால் அவர் கைபடாத இடம் அதில் குறைவு.

வெறும் கட்டையைத் தோளில் வைத்து நிற்கச் சொன்னார். என்னைச் சுற்றி வந்து பார்த்தார். டேப்பை எடுத்து முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் அளந்தார். தோளில் பதியும் முனையிலிருந்து டிரிக்கர் வரை கம்பெனி வைத்திருக்கும் நீளம் 13.5 அங்குலம். நான் ஐந்தடி நான்கங்குலம்.

"கழுத்த நீட்டறயே, தெரியுதா? சட்டை உனக்கு ரெண்டு சைஸ் பெருசு."

முக்கால் அங்குலம் வெட்ட வேண்டும் என்றார். அதற்காக ஹார்டுவேர் கடைக்குப் போனோம். மூன்று ஃபைல்களை நகத்தில் உரசிப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு நான்காவதை எடுத்தார். மரம் பிசிறாமல் இருக்க வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, கராஜில் நின்றுகொண்டே அறுத்தார். அரைமணி நேர வேலை அது. அப்பா இரண்டு நாள் செய்தார். பிளாஸ்டிக் அடித்தட்டைப் புது அளவுக்கு ராவினார், மூன்று விதமான உப்புத்தாள் போட்டார், ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வெயிலில் வைத்தார். அந்த இரண்டு நாளும் டிவி போடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு வர்றேன்" என்று கராஜிலிருந்து அதட்டல் வந்தது. பட்டறை இருந்த காலத்து அதட்டல். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வேறுமாதிரி புரிந்தது. 'கஸ்டம்' என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் விலை கூடிய ரெடிமேட் பாகங்களின் கூட்டு. அதில் எதுவும் என்னை அளந்து செய்ததில்லை. கடையில் வாங்கிய மலிவுத் துப்பாக்கியில் ஒருவர் என்னை நிற்கவைத்து, அளந்து, அறுத்ததுதான் என் உடம்புக்கென்று நடந்த ஒரே வேலை. ரெடிமேட் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்கிற மாதிரி. பணம் கொடுத்து முழுசாக வாங்கியிருந்தால் அப்பாவுக்கு அதில் வேலையே இருந்திருக்காது.

இதை வைத்துக் கட்டுவது வீண் என்று சொல்லமாட்டேன். நண்பரின் ரைஃபிள் என்னுடையதைவிடத் துல்லியம், நாளைக்கும் அப்படித்தான். மாற்றிக்கொண்டே போகிறவனுக்கு முடிவு கிடையாது, கட்டுகிறவனுக்குப் பட்டியல் முடிந்தால் முடிந்தது. வெறும் குழலை வாங்கி லேத்தில் ஏற்றித் தோட்டா உட்காரும் அறையைத் தாங்களே குடைகிறவர்களும் உண்டு. அவர்களை அப்பாவே பில்டர் என்று ஒத்துக்கொள்வார். பணப்போட்டி வேண்டாம் என்றே விதி வைத்த பந்தயமும் இங்கே இருக்கிறது. ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டரில் ரைஃபிள் ஏழரை பவுண்டைத் தாண்டக் கூடாது, டிரிக்கர் இழுவை மூன்று பவுண்டுக்குக் குறையக் கூடாது. சாதாரணத் துப்பாக்கிக்காரனும் அங்கே துணிந்து நிற்கலாம்.

அப்பா சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கட்டையைக் குறைத்ததும், அதே தோட்டாவில் சிதறல் ஒன்றேகால் அங்குலமானது. அடுத்தது தோட்டா. இதில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே கம்பெனியின் ஒரே ரகத்தில்கூட லாட் மாறினால் குணம் மாறும். லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குவதற்கென்றே அரிசோனாவின் மேசா நகரில் லாபுவா நிறுவனம் ஒரு சோதனைக்கூடம் வைத்திருக்கிறது. நான் ஆறு ரகம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐம்பது சுட்டேன். நான்காவது ரகத்தில் சிதறல் ஒரு அங்குலத்துக்குள் வந்தது. குழலை இன்னும் தொடவில்லை.

வெட்டிய துண்டைத் தூக்கிப்போட அப்பாவுக்கு மனசில்லை. ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில், இழைத்துச் செருகிவிட்டு ஊருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி இப்போதெல்லாம், "இப்ப எத மாத்துன?" என்பதுதான்.

"எதையும் மாத்தலீங்கப்பா. சுட்டுப் பழகறேன்."

"அது சரி" என்கிறார். போனவாரம் அவராகவே ஒரு விஷயம் சொன்னார். பக்கத்துத் தெருப் பட்டறையில் காலையில் இரண்டு மணி நேரம் போய் நிற்கிறாராம். பையன்களுக்கு அளவு பார்க்கத் தெரியவில்லையாம்.