கறிப் பணியாரம்

ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் பாத்திரம் பண்டங்களைத்தான் மூட்டை கட்டுகிறார்கள். பழக்கவழக்கங்களை யாரும் மூட்டை கட்டுவதில்லை. அவை பயணச்சீட்டு இல்லாமலே கூட வந்துவிடுகின்றன. எந்த எண்ணெயில் தாளிப்பது, எந்த நாளில் கறி எடுப்பது என்பவை மட்டுமல்ல, யார் முதலில் உண்பது, யார் கடைசியில் உண்பது, யாருக்குக் கறித்துண்டு, யாருக்கு வெறுங்குழம்பு என்பவையும் அவ்வாறே வந்து சேர்கின்றன. தில்லிக் குளிருக்குக் கம்பளி வாங்கத் தெரிந்த நமக்கு, இந்தப் பழக்கங்களைக் கழற்றி மாட்டத் தெரிவதில்லை.

எங்கள் குடும்பம் திண்டுக்கல்லிலிருந்து தில்லிக்கு வந்தது 2006-ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது நான்கு. அப்பாவுக்கு ஒரு மோட்டார்ப் பணிமனையில் வேலை. அம்மா ஒரு மருத்துவமனையில் செவிலி. இரண்டு அறை வீட்டில் மூவராக வாழ்ந்த எங்களுடன் 2024-இல், தீபாவளி முடிந்தபின், அப்பத்தாவும் வந்து சேர்ந்தார். தாத்தா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று அப்பாதான் வற்புறுத்தி அழைத்து வந்தார்.

அப்பத்தாவுக்கு இந்தி தெரியாது. எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியும் அவரும் மாடியில் வெயில் காய்ந்தபடி ஆளுக்கொரு மொழியில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள். அதில் குறையொன்றும் இல்லை. குறை சாப்பாட்டில்தான் இருந்தது. “எனக்கு என்னத்துக்குய்யா? நீங்க சாப்பிடுங்க. நான் பெறகு சாப்புட்டுக்கிறேன்” என்பார். அந்தப் ‘பெறகு’ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பாதி நாள் இரவுப் பணி. அப்பா வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். நானோ ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். எல்லாரும் உண்டு முடித்தபின் சட்டியில் இருப்பதே அப்பத்தாவின் பங்கு. இருந்தால் உண்பார், இல்லாவிட்டால் இரசமும் சோறும்.

பொங்கலன்று அம்மா அவரை எடைக் கருவியில் நிறுத்திப் பார்த்தார். வந்தபோது 46 கிலோ, இப்போது 41. “அத்தை, ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று அம்மா கேட்டதற்கு, “வயசானா வத்தத்தான் செய்யும் தாயி” என்று சிரித்துவிட்டார். மருத்துவமனையில் பல முதியவர்களைப் பார்த்த அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. முதுமையில் எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. தசை கரைந்தால் நடை தளரும். நடை தளர்ந்தால் ஒரு நாள் குளியலறையில் விழுவார்கள். விழுந்தபின் எழுந்து நடப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

முதியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது இன்றைய சத்துணவு அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால் அப்பத்தாவுக்கு 40 கிராமாவது வேண்டும். நான் ஒரு வாரம் அவருடைய உணவைக் கவனித்துக் கணக்கெழுதினேன். இருபதைத் தாண்டவில்லை. வேதியியல் படிக்கும் பேரன் இருந்து என்ன பயன் என்று எனக்கே தோன்றியது.

கறி வாங்காத வீடன்று எங்களுடையது. ஞாயிறுதோறும் அப்பா ஐ.என்.ஏ. சந்தைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வருவார். ஆனால் குழம்பு என்பது, நண்பர்களே, மிகவும் தந்திரமான உணவு. அதில் பங்கு கண்ணுக்குத் தெரியாது. அரைக்கிலோக் கறி, நிறையக் குழம்பு. அகப்பையைப் பிடித்திருப்பவர் மனம்போலத் துண்டுகள் போய்ச் சேரும். அகப்பை அப்பத்தாவின் கையில் இருந்தது. நல்ல துண்டுகள் மகனுக்கும் பேரனுக்கும் வரும். வேலைக்குப் போகும் மருமகளுக்கு அடுத்தது. தமக்குக் குழம்பும் ஓர் எலும்பும். போதாக்குறைக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லை. “மெல்ல முடியலய்யா” என்பதும் உண்மைதான். எனவே, மெல்லவும் எளிதாக இருக்க வேண்டும். பங்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதுதான் எனக்கு வந்த தேர்வு வினா.

விடை, எங்கள் வீட்டில் ஏற்கெனவே தூசு படிந்து கிடந்த ஒரு பெட்டியில் இருந்தது. அம்மாவுடன் பணிபுரிந்த கேரளச் செவிலி ஒருவர் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகும்போது தம் சிறிய மின்சார ஓவனை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூடவே ஆறு குழிகள் கொண்ட ஒரு மஃபின் தட்டு. மஃபின் என்றால் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். நான் செய்ததில் மைதாவும் இல்லை, சர்க்கரையும் இல்லை, பொங்கவைக்கும் சோடாவும் இல்லை. உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் முட்டையுந்தான். தட்டின் வடிவத்தை முன்னிட்டு அதை மஃபின் என்று அழைக்கலாம்.

உருளைக்கிழங்கையும் கொத்துக்கறியையும் சேர்ப்பது என் கண்டுபிடிப்பன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த கிழங்கு அது. ஐரோப்பியர் கப்பலேறி உலகைச் சுற்றி வந்தது. பார்மான்டியே என்னும் பிரெஞ்சு மருந்தியலார் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு, அங்கே உருளைக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார். தாயகம் திரும்பியபின் ஆயுள் முழுதும் அதன் பெருமையைப் பேசினார். கொத்துக்கறியின்மேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் பிரெஞ்சு உணவு ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆங்கிலேயருக்கும் அதே போன்ற உணவு உண்டு. நம் நாட்டு ஆங்கிலோ-இந்தியர்களோ கிழங்குக்குள் கறியை வைத்து மூடிப் பொரித்து, ‘பொட்டேட்டோ சாப்’ ஆக்கினார்கள். ஏழை வீட்டில் கொஞ்சம் கறியை நிறையப் பேருக்குப் பகிர்ந்தளிக்கக் கிழங்கு எல்லா நாட்டிலும் கைகொடுத்திருக்கிறது.

இனிச் செய்முறை. பன்னிரண்டு மஃபினுக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கு, 300 கிராம் கொத்துக்கறி, இரண்டு முட்டை. கிழங்கு பழையதாக, மாவுத்தன்மை உள்ளதாக இருக்கட்டும். புதுக்கிழங்கில் நீர் மிகுதி. தோலோடு வேகவைத்து, சூட்டோடு உரித்து, கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போடக் கூடாது. மிக்ஸியின் கத்தி கிழங்கின் செல்களைக் கிழித்துவிடும். உள்ளிருக்கும் வெந்த மாவுப்பொருள் வெளியேறி எல்லாம் பசையாகிவிடும். சுவரொட்டி ஒட்டத்தான் அது உதவும். மசித்த கிழங்கில் உப்பும் மிளகுத்தூளும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைக.

வாணலியில் எண்ணெய் ஊற்றிச் சோம்பு தாளித்து, பொடியாக அரிந்த வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள் போட்டு வதக்கி, கொத்துக்கறியைச் சேர்த்து, நீர் முழுதும் வற்றும்வரை வேகவிட வேண்டும். இங்கே அவசரம் கூடாது. கறியில் ஈரம் நின்றால் கிழங்கு அதைக் குடித்துத் தளர்ந்துவிடும். ஆறியபின் எண்ணெய் தடவிய குழியில் கிழங்கைக் கிண்ணம்போல் பரப்பி, நடுவே கறியை வைத்து, மேலே கிழங்கால் மூடி, மற்ற முட்டையை அடித்துப் பூசி, 200 டிகிரி செல்சியஸில் அரை மணிநேரம். எங்கள் தட்டில் ஆறுதான் கொள்ளும். ஆகவே இட்லியைப்போல இரண்டு ஈடு.

சுடும்போது நடப்பதை வேதியியல் மாணவன் சொல்லாமல் விட முடியுமா? உள்ளே நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே உள்ளே மென்மை. வெளிப்புறம் உலர்ந்து சூடேறும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடிச் செந்நிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையார் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. பெரிய தட்டில் சுட்டால் மேற்புறம் மட்டுமே நன்கு சிவக்கும். சிறு குழியில் பக்கமும் அடியும் சேர்ந்து சிவக்கும். ஆனால் பொன்னிறத்தோடு நிறுத்துக. கருகவிட்டால் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் கூடும். 2002-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் இதை உணவில் கண்டு அறிவித்தார்கள். பச்சைக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் நன்றன்று. குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, சுடும்போது விரைவில் கருகச் செய்யும்.

முதல் ஞாயிறு பன்னிரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி நடுவில் வைத்தேன். அப்பத்தா எட்டிப் பார்த்தார். “என்னய்யா இது, குழிப்பணியாரமா?” என்றார். “கறிப் பணியாரம், அப்பத்தா” என்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு அதுவே பெயர்.

“நீங்க சாப்பிடுங்க, நான் பெறகு...” என்று வழக்கம்போல் தொடங்கினார். நான்கு பேர், பன்னிரண்டு பணியாரம். ஆளுக்கு மூன்று என்று தட்டில் எடுத்து வைத்தேன். அப்பா தம் மூன்றை உண்டார், அம்மா உண்டார், நான் உண்டேன். அப்பத்தாவின் மூன்று அப்படியே இருந்தன. குழம்பாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டோம். அன்று அந்த மூன்றும் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பா வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்தார். ஐம்பது வயதைக் கடந்த அவர், தம் தாய் என்றேனும் தமக்கு முன்னால் உண்டு பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. “ஆத்தா, நீ சாப்பிடாம நான் எந்திரிக்க மாட்டேன்” என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. அப்பத்தா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துப் பிட்டார். மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் கரைந்தது. இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவதை என்னிடம் நீட்டினார், நான் வாங்கவில்லை. அதையும் உண்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கறியில் 60, முட்டையில் 12, கிழங்கில் 15. ஆக 87 கிராம் புரதம். பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 7. மூன்று உண்டால் 21. ஒரு நாளைத் தேவையில் பாதி. அதன்பின் ஞாயிறும் புதனும் கறிப் பணியாரம் ஆயிற்று. மற்ற நாள்களில் முட்டையும் பருப்பும் தயிரும் அதே கணக்கில், அதே போல எடுத்து வைக்கப்பட்டன. பங்குனியில் அப்பத்தாவின் எடை 44. கூடியது மூன்று கிலோதான். ஆயினும் மாடிப்படியை அவர் கைப்பிடியைப் பற்றாமல் ஏறிய நாளில் அம்மா அடைந்த மகிழ்ச்சியை அளக்க என்னிடம் கருவி இல்லை.

உணவின் அளவைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம். அது யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி வீட்டுக்குள் பேசுவதில்லை; பேசினால் அன்பைக் கணக்குப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் கணக்குப் பாராத அன்பில், விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒருவராகவே இருந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் அது அப்பத்தா. உங்கள் வீட்டில் யார் என்று இந்த விடுமுறையில் ஊர் போகும்போது பாருங்கள். எல்லாரும் கை கழுவியபின் யார் சட்டியை வழிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சித்திரையில் அப்பத்தா ஊருக்குப் புறப்பட்டார். தாத்தாவின் வீட்டைப் பூட்டிப் போட அவருக்கு மனம் வரவில்லை. ஓவனையும் கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். அதை ஒரு பார்வை பார்த்தார். “பணியாரக் கல்லு இருக்கையில இந்தப் பெட்டி என்னத்துக்குய்யா?” என்றார். நியாயமான கேள்வி. இரும்புக் கல்லில் எண்ணெய் விட்டால் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். மையார் வினைக்கு அயர்லாந்து போன அம்மையாரின் பெட்டிதான் வேண்டும் என்று விதியில்லை. குழி சிறிது என்பதால் கறியையும் கிழங்கையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டிப் போட்டு, கம்பியால் திருப்பிவிட்டு, இருபுறமும் சிவக்க எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விடுதியில் ஓவன் இல்லையே என்று இதைப் படிக்கும்போதே பெருமூச்சு விட்ட நண்பர்களுக்கும் இம்முறையே உகந்தது.

கோடைக்கானல் மலைக்கிழங்கு திண்டுக்கல் சந்தையில் நன்றாகக் கிடைக்கிறது என்று சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்களாம். “எத்தனை சுட்டீங்க அப்பத்தா?” என்று கேட்டேன். “இருவது” என்றார். “நீங்க எத்தனை சாப்பிட்டீங்க?” என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “சுட்டதும் மொத நாலு எடுத்து வச்சுக்கிட்டேன், ராசா.”