முகம் கழுவ ஒரு டப்பா பாம்

இன்று பரீட்சைக் கதை இல்லை, அரசியலும் இல்லை. முகம் கழுவுகிற கதை. ஆண்கள் தாண்டிப் போகலாம். ஆனால் மகளின் கல்யாணச் செலவு கொடுக்கிற வாப்பாமார் நின்று வாசித்தால் நல்லது.

கல்யாண சீசன் வந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் டீச்சர்மார் கதைப்பது ஒன்றைத்தான். தண்ணீர் பட்டாலும் அழியாத மேக்கப். அழியாது என்பதற்குத்தானே அவ்வளவு காசும்! மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அதுவே வினையாகிறது. தோலில் தண்ணீர் படாமல் தடுக்கும் படலம் இருந்தால் வுழூ கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நாங்கள்தான். கல்யாண வீட்டில் பார்த்தால், மணப்பெண் சவர்க்காரம் போட்டு உரஞ்சி, கன்னம் சிவந்து, கண் எரிந்து நிற்கிறாள். இல்லாவிட்டால் "பிறகு களாச் செய்வோம்" என்று விட்டுவிடுகிறாள். இரண்டும் மனதுக்குக் கஷ்டம்.

எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பூச்சை எண்ணெய்தான் கரைக்கும். எங்கள் உம்மாமார் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கண் மை துடைத்தது அதனால்தான். ஆனால் எண்ணெய் தண்ணீரோடு போகாது. முகத்தில் பிசுபிசுப்பு நிற்கும், சிலருக்குப் பருவும் போடும். கிளென்சிங் பாமில் எண்ணெய், மெழுகோடு இன்னொரு பொருளும் இருக்கிறது. அது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும், மயோனைஸில் முட்டை மஞ்சள் கரு செய்கிற வேலை மாதிரி. அதனால் தண்ணீர் பட்டதும் பால் போல வெள்ளையாகிக் கழுவுப்பட்டுப் போகிறது.

2022 இல் டொலர் ஏறியதற்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலையைக் கேட்கவே பயம். நாங்கள் நாலு பேர் ஆளுக்கு 1,200 ரூபாய் போட்டு 100 மில்லி கொரியன் டப்பா ஒன்று எடுத்தோம். சுத்தமான சின்னப் போத்தல்களில் ஆளுக்கு 25 மில்லி பிரித்தோம். ஒரு தடவைக்கு ஒரு மில்லி போதும். கணக்குப் பார்த்தால் 48 ரூபாய், கடையில் ஒரு ரோல்ஸ் வாங்கவும் காணாது. "முகம் கழுவ இவ்வளவா, வீண்விரயம் இல்லையா?" என்று ஒரு ராத்தா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தினமும் பாவிப்பதில்லை, மேக்கப் போட்ட நாளும் சன்கிரீம் தடிப்பாகப் பூசிய நாளும்தான் என்றோம். அவரே அடுத்த டப்பாவுக்குப் பங்கு கேட்டிருக்கிறார்.

சொகுசு என்றால் உண்மையில் சொகுசுதான், மறைக்க ஒன்றுமில்லை. கரண்டியால் எடுக்கும்போது கட்டியாக இருக்கும், உள்ளங்கைச் சூட்டில் உருகி வெண்ணெய் மாதிரி வழுக்கும். 40 பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்த முகத்தை இரண்டு நிமிடம் மெதுவாகத் தடவினால் தோள்பட்டை வரைக்கும் இறங்குகிறது.

கையும் முகமும் காய்ந்திருக்க வேண்டும், இதில்தான் பலர் பிழைக்கிறார்கள். முதலில் காய்ந்த முகத்தில் தடவுங்கள். பிறகு கை நனைத்துத் தேய்த்துப் பாலாக்குங்கள், பிறகு கழுவுங்கள். கடைசியாக மென்மையான ஃபேஸ்வொஷ் ஒன்று. டப்பாவுக்குள் ஈரக் கை வைக்க வேண்டாம்.

வாங்கும்போது வாசனையில் மயங்காதீர்கள், கூடிய வாசனை கண்ணை எரிக்கும். லேபலில் பெக்-20 கிளிசரில் ட்ரைஐசோஸ்டியரேட் மாதிரி நீளப் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், பாலாக்குகிற பொருள் அதுதான். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் தாவரத்திலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். ஹலால் அடையாளம் இல்லாவிட்டால் விசாரித்து எடுங்கள். காலாவதித் திகதியும் இறக்குமதியாளரின் பெயரும் இல்லாத டப்பா எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். "வெள்ளையாக்கும்" என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அப்படியான சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுத்த கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் பையில் ஒரு சின்னப் போத்தலும் கரண்டியும் வைக்க நாங்கள் முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் நம்பி வாங்கக்கூடிய கடை தெரிந்தவர்கள் விலையோடு சொல்லுங்கள்.