மலையில் பெயின்ட் காயும் நேரம்

டப்பாவின் மேல் 'ஆறு மணி நேரத்தில் காயும்' என்று அச்சடித்திருப்பார்கள். அது முப்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊருக்கு எழுதிய கணக்கு. ஆடி மாத ஊட்டியிலும் ஐப்பசி மாதக் குன்னூரிலும் அதே எனாமல் மறுநாள் மத்தியானம் வரை விரலில் பிசுபிசுக்கும். எங்கள் பக்கம் தொழில் பழக வருகிற பையன்களுக்கு நிறம் கலக்கவோ பிரஷ் பிடிக்கவோ நான் முதலில் சொல்லித் தருவதில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போகும் என்று பார்க்கச் சொல்லித் தருகிறேன். அது தெரிந்தால்தான் பிரைமரைத் தேர்ந்தெடுக்க முடியும்.

எஸ்டேட் பங்களாக்களின் பலகை மச்சுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. அதோடு படகு வேலையும் உண்டு. 1823-ல் ஜான் சல்லிவன் வெட்டத் தொடங்கிய ஊட்டி ஏரியில் ஓடுகிற மாதிரித் துடுப்புப் படகுகளுக்கு வெளியே எவ்வளவு கவனமாகப் பூசினாலும், கெட்டுப்போவது உட்பக்கம்தான். மழைநீர் தேங்கும், நனைந்த செருப்பு மிதிக்கும், இரவில் பனி இறங்கும், தார்ப்பாய் போட்டு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே புழுங்கும். ஏரித் தண்ணீர் படுகிற அடிப்பக்கம் பத்திரமாக இருக்க, உட்கார்கிற பலகைக்குக் கீழே விரலால் குத்தினால் மரம் உதிர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பாய்மரப் படகின் கேபினுக்குள் பூசும் வேலை என்னிடம் வந்தது கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றுக் குன்னூரிலேயே தங்கிவிட்ட ஒரு அதிகாரி மூலமாக. அவருடைய படகு கொச்சியில் நின்றது. உள்ளே இருந்த பழைய அலமாரி, படுக்கைப் பலகை, பக்கவாட்டு லைனிங் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து, எங்கள் ஊர் ஆசாரி பட்டறையில் புதிதாகச் செய்து, எங்கள் ஷெட்டில் பூசிக் கீழே அனுப்ப வேண்டும். அந்த வேலையை வைத்தே சொல்கிறேன். மலை பங்களாவுக்கும் கடல் படகுக்கும் வியாதி ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தது அப்போது.

கேபின் என்பது ஒரு சின்ன அறை. ஒருவர் அதில் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாகக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஸ்டவ்வில் டீ போட்டால் இன்னும் கொஞ்சம். குளிர்ந்த பக்கச்சுவரில் அது முத்து முத்தாய்ப் படிந்து, லைனிங் பலகைக்குப் பின்னால் வழிந்து, அடிப்பகுதியில் சேரும். 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் கிளம்பி உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ல் திரும்பிய அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரிக்காரரான ரூபாவும் ஏறக்குறைய எட்டு மாதம் இப்படியொரு கேபினுக்குள்தான் வாழ்ந்தார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போது என் மனம் அவர்கள் தாண்டிய முனைகளைவிட, தெற்குக் கடலின் குளிரில் அந்த உட்சுவர் எப்படி வியர்த்திருக்கும் என்பதில் போய் நின்றது.

எங்கள் மேஸ்திரி மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பழகியவர். பலகையைப் பார்ப்பதற்கு முன் புறங்கையை அதன்மேல் வைப்பார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதற்குக் குளிர்ச்சி தெரியாது, புறங்கைக்குத் தெரியும். "காத்து காஞ்சிருந்தா மரம் காஞ்சிருக்குன்னு அர்த்தம் இல்ல தம்பி" என்பார். சந்தேகமான பலகையில் ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுவார். காலையில் தாளின் உட்பக்கம் பூத்திருந்தால் அன்றைக்குப் பிரைமர் கிடையாது. இன்று ஈரம் அளக்கிற மீட்டர் கடையில் கிடைக்கிறது, 15 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பூசலாம் என்று கணக்கு. மீட்டர் வாங்கிய பிறகும் நான் தாளை ஒட்டுகிறேன். ஊசி குத்தின இடத்தை மட்டும்தான் மீட்டர் சொல்லும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. பூசுகிற பரப்பு, பனி படியும் சூட்டைவிட மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஷெட்டில் 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி படியும் சூடு ஏறக்குறைய 11.6, ஆகவே பூசலாம். அதே 15 டிகிரியில் ஈரப்பதம் 90 ஆகிவிட்டால் அது 13.4-க்கு ஏறிவிடும், அப்போது டப்பாவை மூடிவிட வேண்டியதுதான். குன்னூரில் ஒரே பிற்பகலில் மூடுபனி ஏறி வந்து இந்த இரண்டு நிலையும் மாறிவிடும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் கையைக் கழுவிவிட வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் சட்டம். மாலை நாலு மணிக்குப் பூசிய எனாமல் ராத்திரிப் பனியில் பளபளப்பு செத்து, பால் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

காய வைக்க வேண்டும் என்று மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அந்த அறைக்குள்ளேயே நிற்கும். அறை சூடாகும், ஈரமும் கூடும். கரி மூட்டுவது அதைவிட மோசம். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கி உயிர்விட்டவர்களின் செய்தி நீலகிரியில் குளிர்காலம்தோறும் காதில் விழுகிறது. படகுக் கேபின் அந்த அறையில் பாதிகூட இருக்காது. புகைபோக்கி உள்ள அடுப்பு, இல்லையென்றால் மின்சார ஹீட்டர், கூடவே ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

இனி பிரைமர். அந்தப் படகின் உட்புறத்துக்கு ஒரே பிரைமர் போதும் என்று கடைக்காரர் சொன்னார். நாங்கள் மூன்று இடத்துக்கு மூன்று விதமாகப் பிரித்துக்கொண்டோம்.

தரைப்பலகைக்குக் கீழே, தண்ணீர் வந்து சேர்கிற அடிவயிற்றுக்கு இரண்டு டப்பா எபாக்சி பிரைமர். அங்கே எனாமல் நிற்காது, எண்ணெய் சேர்ந்த எதுவும் நாள்பட ஊறி உரிந்து வரும். எபாக்சி வெயிலில் மாவு பூக்கும், ஆனால் அங்கே வெயில் எட்டாது. நிறம் வெளிர் சாம்பல். கறுப்போ பச்சையோ அடித்தால் அழுக்குத் தெரியாது என்று சிலர் விரும்புவார்கள். அழுக்கும் எண்ணெய்க் கசிவும் புதிதாக ஊறுகிற தண்ணீரும் கண்ணில் படுவதற்காகத்தான் வெளிர் நிறம்.

எபாக்சியில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே ஒன்று. ஃபைபர் வேலை பழகி வந்த ஒரு பையன், குளிரில் இறுகவில்லை என்று ஹார்டனரை ஒரு மடங்கு கூட்டி ஊற்றிவிட்டான். பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், அது நூற்றுக்கு ஒன்று இரண்டு என்று சேர்க்கிற பொருள். எபாக்சியில் இரண்டு டப்பாவும் சேர்ந்துதான் ஒரு பொருள் ஆகிறது, அளவு பிசகினால் மிச்சம் நிற்பது இறுகாமலே கிடக்கும். மொத்தத்தையும் சுரண்டி எடுத்தோம். பத்து டிகிரி குறைந்தால் இறுகுகிற நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஈரக்காற்றில் இறுகிய எபாக்சியின்மேல் மெழுகு தடவினாற்போல ஒரு படலம் நிற்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரும் தேய்ப்பானும் வைத்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தை உள்ளே அழுத்திவிடுவோம். அதன்மேல் நேராக எண்ணெய் எனாமல் பூசினால் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும், நன்றாக இறுகவிட்டுப் பாலியூரித்தேன் பூசுவது நல்லது.

இரண்டாவது, அலமாரியும் படுக்கையும். அவற்றுக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட். அதன் முகம் பிரச்சினை தராது, அறுத்த ஓரம்தான் தண்ணீர் குடிக்கும். இங்கேதான் மேஸ்திரியின் கையை நினைத்துக்கொள்வேன். முதல் கோட்டு எபாக்சியைத் தின்னர் விட்டு நீர்க்க வைத்து, பிரஷின் நுனியால் ஓரத்தில் குத்திக் குத்தி ஊட்டுவார். ஊறிப் போகும், மறுபடி ஊட்டுவார். ஓரம் மினுங்கி நின்று, 'போதும்' என்று மரம் சொல்கிற வரைக்கும் முகத்துக்கு பிரஷ் போகாது. திருகாணித் துளை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் குச்சியால் அதே பிரைமரை விடுவார். பட்டி பார்ப்பது இந்த முதல் கோட்டுக்குப் பிறகுதான். வெறும் மரத்தில் பட்டி வைத்தால் மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பட்டி காய்ந்து பொக்கென்று விழும்.

மூன்றாவது, பக்கவாட்டு லைனிங்குக்கும் மேல் மச்சுக்கும் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பிரைமர். மெல்லிய பலகைகள், பின்னால் எப்போதும் ஈரக்காற்று. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கி மூடினால் பலகை வளையும், கொப்புளமும் கிளம்பும். அக்ரிலிக் கொஞ்சம் மூச்சுவிடும். முதல் கோட்டில் மரத்தின் நார் எழும்பி முள் முள்ளாய் நிற்கும், 220 நம்பர் தாளால் லேசாக வருடினால் அடங்கிவிடும். பொருத்துவதற்கு முன் பின்பக்கமும் பூசியாக வேண்டும். எஸ்டேட் பங்களாக்களின் பழைய மச்சைக் கழற்றும்போதெல்லாம் பின்பக்கம் பச்சை மரமாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

பலகை சில்வர் ஓக் என்றால் கணுக்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். டீ செடிக்கு நிழலுக்காக நட்டு, பிறகு அறுத்த மரம் அது. கணுவிலிருந்து பழுப்புக் கறை வெள்ளைப் பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு தடவை தொட்டுவிட்டால் கறை அடங்கும். குளிர்காய்கிற அடுப்புக்கு மேலே படிந்த பங்களாப் புகைக்கறைக்கும் அதுதான் மருந்து. ஆனால் தண்ணீர் தேங்குகிற இடத்தில் அரக்கு வேண்டாம், வெளுத்துவிடும். தேக்கு பீடிங்கில் வேறு சிக்கல், அதன் எண்ணெய் எதையும் பிடிக்கவிடாது. தின்னர் நனைத்த துணியால், துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அந்த எண்ணெய் மறுபடி மேலே ஏறிவருவதற்குள் அலுமினியம் பிரைமரைப் பூசிவிட வேண்டும். தேக்கை மூடாமல் வார்னிஷோடு விடச் சொல்லித்தான் கேட்டுப் பார்த்தேன். அதிகாரியும் சம்மதித்தார்.

மேல் பூச்சில் அவர் எண்ணெய் எனாமல் வெள்ளை கேட்டார். பழைய பங்களாவில் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினால் அதன் பின்னால் வெள்ளை எனாமல் மஞ்சள் பாரித்திருப்பதைப் பார்க்கலாம். எண்ணெய் வெள்ளைக்கு இருட்டு ஆகாது. படகின் அலமாரி உட்புறம் முழுக்க இருட்டுதான். கூடவே, பூஞ்சைக்கு ஆளிவிதை எண்ணெய் நல்ல தீனி. அதனால் அலமாரிக்குள் பாலியூரித்தேன் வெள்ளை, லைனிங்குக்கு அக்ரிலிக் சாட்டின், சமைக்கிற மூலைக்கு மட்டும் முழுப் பளபளப்பு, துடைக்க வசதியாக. அலமாரிக் கதவுகளின் மேலும் கீழும் துளை போடச் சொல்லி ஆசாரியிடம் நான் மல்லுக்கட்டினேன். காற்று புகாத அலமாரியில் எந்தப் பெயின்டும் பூஞ்சையைத் தடுக்காது.

பழைய பலகைகளில் ஒட்டிக்கொண்டிருந்த பெயின்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டியும் உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரில் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து எடுங்கள். எங்கள் மேஸ்திரி காலத்தில் ரெட் லெட் பிரைமரை வெறும் கையால் குழைத்துவிட்டு, அதே கையோடு டீ குடித்தார்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதே என்று நான் பையன்களிடம் சொல்வது அதனால்தான்.

கடைசிக் கோட்டு முடிந்ததும் மறுநாளே ஏற்றிவிடலாம் என்று அதிகாரியின் டிரைவர் வந்து நின்றார். பதினாலு கொண்டை ஊசி வளைவு இறங்கினால் மேட்டுப்பாளையம், அங்கே வண்டிக்குள் சூடு நாற்பதைத் தொடும். இங்கே குளிரில் மேலே காய்ந்த மாதிரி நிற்கிற படலம் அங்கே இளகி, பலகையோடு பலகை ஒட்டிக்கொள்ளும். நடுவில் செய்தித்தாள் வைத்தால் அச்செழுத்து பெயின்டில் பதிந்துவிடும். அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். பலகைகளை ரீப்பர் கட்டை வைத்து இடைவெளி விட்டு நிற்க வைத்து, இரண்டு வாரம் ஷெட்டிலேயே விட்டோம். நகத்தால் அழுத்தித் தடம் விழவில்லை என்று பார்த்த பிறகு, முகத்துக்கு முகம் படாமல் கம்பளித் துண்டு செருகி, வண்டியில் செங்குத்தாக நிறுத்திக் கட்டினோம்.