மோட்டார் சைக்கிள் மணிக்கூடும் ஏழு நிமிசமும்



இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நம்மூரில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு, யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் சைக்கிளின் மீற்றரில் உள்ள மணிக்கூடு சில மாதங்களாகச் சாவியை ஓப் பண்ணினால் 1:00க்குப் போய்விடும். ஒருவர் பற்றரி வீக் என்றார். மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். இன்னொருவர் மீற்றரையே மாத்தணும் சேர் என்றார். அதற்கு வசதியில்லை. காலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணி, உத்தேசமாக ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு போவேன்.

அப்படிப் போன ஒரு நாள், பாடசாலை கேற்றில் நான் இறங்கும்போது மீற்றரில் 7:32. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஓடி வருகிறான். வாப்பாவோடு கரைவலைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளை, காற்சட்டை ஓரத்தில் மணல்.

"லேட்" என்றேன்.

"இல்ல சேர், பள்ளிவாசல் மணிக்கூட்டுல ஏழு இருபத்திமூணுதான். பார்த்துட்டுத்தான் வந்த."

"வாய் காட்டாத" என்று சொல்லி, லேட் புத்தகத்தில் பெயரை எழுதி, மதிலோரம் நிறுத்தினேன். ஒபீசுக்குள் போய் போனை எடுத்துப் பார்த்தால் 7:27. அதற்குப் பிறகுதான் மணியே அடித்தது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். மற்ற ஆசிரியர்கள் நின்றார்கள், வெட்கம். காலைக்கூட்டம் முடியும்வரை அந்தப் பிள்ளை மதிலோரம்தான் நின்றான்.

அன்று பின்னேரம் நானே சைக்கிளைக் கழற்றினேன். கிலோமீற்றர் அழியவில்லை, மணிக்கூடு மட்டும் அழிகிறது. ஏன்? ஓடிய தூரம் கரன்ட் இல்லாவிட்டாலும் நினைவில் நிற்கும். மணிக்கூடு அப்படியில்லை, அதற்குச் சாவி ஓப்பில் இருக்கும்போதும் கொஞ்சம் கரன்ட் வேண்டும். அதற்காகப் பற்றரியில் இருந்து பியூஸ் வழியாக, சாவியைத் தொடாமல் ஒரு வயர் நேரே மீற்றருக்குப் போகிறது. சாவியை ஓப் பண்ணி மீற்றர் வைத்துப் பார்த்தேன். பியூஸ் பெட்டியில் 12.6 வோல்ட். மீற்றருக்குப் போகும் கப்ளரில் ஒன்றுமில்லை.

ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள அந்தக் கப்ளரைக் கழற்றினால் ஒரு பின் முழுக்கப் பச்சை. நம் கடற்காற்றின் உப்பு வேலை. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பழைய பிரஷால் தேய்த்து, கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டுப் பூட்டினேன். அரை மணித்தியால வேலை. இன்றுவரை சரியாக ஓடுகிறது.

உங்களுக்கும் இப்படியென்றால்: சாவியை ஓப் பண்ணும்போது அழிந்தால் இந்த வயர், பியூஸ், கப்ளரைப் பாருங்கள். ஸ்டார்டர் அடிக்கும்போது மட்டும் அழிந்தால் பற்றரியைப் பாருங்கள். மாதத்துக்கு ஓரிரு நிமிசம் பிந்தினால் அது பழுதல்ல, இடைக்கிடை திருத்தினால் போதும். மீற்றரை மாற்றுவது கடைசி.

கழற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பழைய விசயம் ஞாபகம் வந்தது. 1996 மே 25இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் திரும்பியது. மிச்ச அரை மணித்தியாலம் பழையபடி வந்தது 2006 ஏப்ரல் 15இல்தான். அந்தக் காலத்தில் யாரும் நேரம் சொன்னால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. என்னிடம் ஒரு பிள்ளை வேறு நேரம் சொன்னபோது நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. என் மணிக்கூடு பழுது என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் அவனைத்தான் பொய்யன் ஆக்கினேன்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "நேத்து பிழை என்னில. இவன் நேரத்துக்குத்தான் வந்தான்." லேட் புத்தகத்தில் பெயரை வெட்டிக் கையெழுத்தும் வைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். இடைவேளையில் வந்து, "சேர், மணிக்கூடு செஞ்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

செஞ்சிட்டேன் மகன்.