கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

உயரமான ஸ்டூல்களுக்கு இப்போது நல்ல காலம். புது ஃபிளாட்களில் டைனிங் டேபிள் போட இடமில்லை. சமையலறை ஓரமாக ஒரு கிரானைட் கவுன்ட்டர், அதன் முன்னால் இரண்டு மர ஸ்டூல்கள். 'டேனிஷ் மாடல் சார்' என்று கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால், நிற்கிறவரும் உட்கார்ந்துவிடுவார்!

கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அருமையான பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டென்மார்க்காரர்கள் தேக்கில் நாற்காலியும் ஸ்டூலுமாகச் செய்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். எரிக் புக் என்பவர் வடிவமைத்த தேக்கு ஸ்டூலை இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள். தேக்கு அங்கே ஏது? தாய்லாந்து, பர்மாக் காடுகளிலிருந்து போனது. நம் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலைக்கதவும்கூட பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவைதானே. நாம் தூண் நிறுத்தினோம். அவர்கள் ஸ்டூல் செய்தார்கள்.

சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. சாதாரண நாற்காலி தரையிலிருந்து சுமார் 18 அங்குலம். கவுன்ட்டர் ஸ்டூல் 24 முதல் 26 அங்குலம். அடுப்படியில் நிற்கிறவரோடு அண்ணாந்து பார்க்காமல் பேசலாம். கால் தொங்கினால் தொடை மரத்துப்போகும் என்று கீழே ஒரு குறுக்குச் சட்டம். பாதம் அதில் சுகமாகப் பதியும். உட்காருகிறவரின் காலைப் பற்றி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்!

வீட்டில் சரி. கடையிலும் கவுன்ட்டர் இருக்கிறதே, அங்கே நிற்கிறவர் காலைப் பற்றி யார் யோசித்தார்கள்?

எங்கள் ஊர் சிங்கம்புணரி. தென்னை நார்க் கயிற்றுக்குப் பேர்போன ஊர். கயிறு திரிக்கிறவர்கள் நாரை விட்டுக்கொண்டே பின்னால் நடப்பார்கள். அந்த வேலைக்கு நடந்துதான் ஆகணும். ஆனால், எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பக்கத்து டவுனில் துணிக்கடை வேலைக்குப் போனாள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை. மத்தியானம் கடையில் ஈ, காக்கா இருக்காது. அப்பவும் நிற்கணும். சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார்.

''ஏன்டி, ஒரு ஸ்டூலுகூடவா போட மாட்டாக?'' என்று கேட்டார் அப்பத்தா.

''இருக்கு அப்பத்தா... கஸ்டமருக்கு!'' என்றாள்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மேஜை, மின்விசிறி, தையல் மெஷின் எல்லாம் வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் தேய்வதாகக் கணக்கெழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயதிலேயே கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. அந்தத் தேய்மானத்துக்கு எந்த லெட்ஜரிலும் பக்கம் இல்லை.

2010-ல் வந்த 'அங்காடித் தெரு' பார்த்துவிட்டுக் கண் கலங்கினோம். பிறகு, அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம். கேரளாவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் விடாமல் போராடி, 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அதற்கு டேனிஷ் தேக்கு வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். போட்டால் மட்டும் போதாது, உட்காரவும் விடணும்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது உங்களுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். தாராளமாக உட்காருங்கள். அப்படியே கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையா? கல்லாவில் இருப்பவரிடம், ''இவங்க உட்கார எங்க சார் இடம்?'' என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். அப்போதுதான் காது நன்றாகக் கேட்கும்.