ஆறு திரும்பும் இடம்

அழகான இடங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. "இங்கே நின்று பாருங்கள், இதுதான் இடம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். என் கண் உடனே வேறு பக்கம் போய்விடும். மலையைக் காட்டினால் அடிவாரத்தில் வேர்க்கடலை விற்கிறவனைப் பார்ப்பேன். அருவியைக் காட்டினால் பாறையில் வழுக்கி விழப்போகிற பெரியவரைப் பார்ப்பேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு வியாதி என்றே நினைக்கிறேன்.

ஜெர்மனியில் இந்த வியாதியோடு நான் மிகவும் கஷ்டப்பட்டேன். அங்கே எந்தக் குன்றின்மேல் ஏறினாலும், எங்கே நின்றால் காட்சி நன்றாக இருக்குமோ அங்கே ஒரு மரப்பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள். "உட்கார், ரசி" என்று உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும்.

2024 அக்டோபரில் மோசல் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். கோப்லென்ஸ் நகரில் என் தம்பி 14 வருஷமாக இருக்கிறான். "அண்ணா, ஒரு தடவை வாங்க. திராட்சை அறுவடை சமயம், பார்க்க வேண்டிய காட்சி" என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். நான் போனது திராட்சைக்காக அல்ல. அவன் ஜெர்மன் குடியுரிமைக்கு மனுப் போடத் தீர்மானித்திருந்தான். அந்த நாடு 2024 ஜூனிலிருந்து இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுத்துவிட்டது. நம் நாடு கொடுக்கவில்லை. அங்கே பிரஜை ஆனால் இங்கே பிரஜை இல்லை. மனுவை எல்லாம் பூர்த்தி செய்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, கையெழுத்து மட்டும் போடாமல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தான். "வேண்டாம்" என்ற வார்த்தையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு நான் விமானம் ஏறினேன்.

மோசல் ஒரு விசித்திரமான ஆறு. பிரான்சில் வோஜ் மலைகளில் பிறந்து, லக்ஸம்பர்க்கின் எல்லையைத் தொட்டுக்கொண்டு, ஜெர்மனிக்குள் வந்து கோப்லென்ஸில் ரைன் நதியோடு கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 544 கிலோமீட்டர். ட்ரியர் நகரத்திலிருந்து கோப்லென்ஸ் வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். ஆற்றின் வழியே போனால் 190. அப்படி வளைந்து வளைந்து போகிறது. ஒரு காலத்தில் சமவெளியில் சோம்பலாக நெளிந்துகொண்டிருந்த ஆறாம். பிறகு அடியிலிருந்து நிலமே மெள்ள மெள்ள உயர்ந்தது. ஆறு தன் பழைய வழியை விட்டுக்கொடுக்காமல் அதே வளைவுகளிலேயே பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது.

முதல் நாள் காலை கோஹெம் என்ற ஊருக்குப் போனோம். ஊருக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை. 1689-இல் பதினான்காம் லூயியின் படைகள் அதைத் தகர்த்துவிட்டன. இருநூறு வருஷம் பாழாகக் கிடந்ததை 1868-இல் ஒரு பெர்லின் வியாபாரி விலைக்கு வாங்கித் திரும்பக் கட்டினார். அதை எதிர்க் குன்றிலிருந்து பார்க்க வேண்டும் என்று தம்பி என்னைக் கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏற்றி மேலே கொண்டுபோனான். மேலே மரச்சிலுவையும் வழக்கமான பெஞ்சும் இருந்தன. எதிரே வெள்ளையாக மூடுபனி. கோட்டையும் இல்லை, ஆறும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"கீழே எல்லாம் இருக்குண்ணா" என்றான் தம்பி, குற்றம் செய்தவன் போல.

"இருக்கட்டும். ஓடியா போய்விடும்?" என்றேன். உண்மையில் எனக்கு அந்தப் பனி பிடித்திருந்தது. எதையும் பார்க்கச் சொல்லி அது கட்டாயப்படுத்தவில்லை. எதையும் பேசவும் சொல்லவில்லை.

கோஹெமிலிருந்து ரயில் ஏறினால் உடனே ஒரு சுரங்கத்துக்குள் போகிறது. 4.2 கிலோமீட்டர் நீளம், 1879-இல் திறந்தது. சில நிமிஷங்களில் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடலாம். இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வருகிறது. வெளிச்சத்தில் வந்து நின்றபோது பனி விலகியிருந்தது. எல்லர் என்ற சிற்றூர். அதற்கும் அடுத்த ஊரான பிரெம்முக்கும் நடுவே எழும்பி நிற்கிறது கால்மோன்ட்.

சரிவு என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. சுவர் என்பதுதான் சரி. சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேலே. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. கலப்பை போகாது, யந்திரம் போகாது. சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள், சுவருக்குப் பின்னால் ஒரு முழம் இரண்டு முழம் மண், அதிலே திராட்சை. மண் என்பதும் பேச்சுக்குத்தான். எல்லாம் கருஞ்சாம்பல் பலகைக்கல் சில்லுகள். கடலடியில் படிந்த சேறு இறுகி இந்தக் கல்லாகி 40 கோடி வருஷம் ஆகிறதாம். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. அந்தக் குளிர்நாட்டில் ரீஸ்லிங் என்கிற திராட்சை பழுப்பதற்கு இந்தச் சூடும், ஆற்றிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் வேண்டியிருக்கிறது.

மலையின் விலாவில் ஒற்றையடிப் பாதை. அபாயமான இடங்களில் இரும்பு ஏணியும் பிடித்துக்கொள்ளக் கம்பி வடமும் வைத்திருக்கிறார்கள். தம்பி முன்னே போனான். சின்ன வயதில் காவிரிப் படித்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். இப்போது திரும்பித் திரும்பி, "அண்ணா, இடது காலை அந்தக் கல்லிலே வைங்க" என்று சொல்லிக்கொண்டே போனான். வைத்தேன்.

பாதி வழியில் பெஞ்சு இல்லாத ஓர் இடத்தில் நின்றேன். கீழே மோசல் ஒரு லாடம் போல வளைந்து கிடந்தது. அசைவே இல்லை, குளம் மாதிரி. 1964 முதல் பெரிய சரக்குப் படகுகள் போவதற்காக அணை போட்டுத் தேக்கியிருக்கிறார்கள், அதனால் ஓட்டம் தெரியாது என்றான் தம்பி. அக்கரையில், வளைவுக்கு உட்புறம், புல்வெளியில் கூரையில்லாத ஒரு கோயில் சுவர். ஷ்டூபன் என்ற கன்னிமாடம், 1137-இல் ஏற்பட்டது. 1204-இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிய சிலுவைப் போர் வீரன் ஒருவன், அங்கிருந்து எடுத்துவந்த விலைமதிப்பற்ற ஒரு சிலுவைப் பேழையை இந்த மாடத்துக்குத்தான் கொடுத்தானாம். இப்போது பேழை வேறு ஊரில் இருக்கிறது. இங்கே சுவர் மட்டும் நிற்கிறது.

அழகுதான். ஆனால் என் கண் வழக்கம்போல் வேறு பக்கம் போயிற்று. எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, மஞ்சள் இலைகளுக்கு நடுவே ஒரு கிழவர் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தார். கூட ஓர் இளைஞனும் இரண்டு பெண்களும். ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன வண்டி ஒன்று கூடைகளை ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய நெட்டுக்குத்தாகவே இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, கிழவர் ஒரு குலையை என் கையில் கொடுத்தார். குளிர்ந்த, சின்னச் சின்னப் பழங்கள். முதலில் புளிப்பு, கொஞ்சம் பொறுத்துத் தித்திப்பு.

அவர் கொடி கட்டியிருந்த முறை எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு கொடிக்கு ஒரு கழி. இரண்டு கிளைகளை இரண்டு பக்கமும் வளைத்துக் கீழே கட்டியிருந்தார், அரசிலை வடிவத்தில். எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் கொடி இல்லை. முள்ளும் புதருமாகக் கிடந்தது. ஏன் என்று கேட்கச் சொன்னேன்.

"அவர்கள் விட்டுவிட்டார்கள்" என்றார் கிழவர். "முதலில் முள் வரும். பிறகு மரம் வரும். மரத்தின் வேர் சுவரைத் தள்ளும். சுவர் போனால் அவ்வளவுதான். யார் திரும்பி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது."

இந்தச் சுவர் இடுக்குகளிலே தடித்த இலையுள்ள சின்னப் பூண்டு ஒன்று முளைக்கிறது. அதைத் தின்றுதான் அப்பல்லோ என்ற வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய துணையினம். மனிதன் தோட்டத்தை விட்டுவிட்டால் இயற்கை செழிக்கும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? இங்கே புதர் மூடினால் அந்தப் பூண்டு போய்விடும், பூச்சியும் போய்விடும். எத்தனையோ தலைமுறை மனிதர்கள் கல் அடுக்கியதால் வந்த வாழ்வு அது.

அந்த இளைஞன் கிழவரின் மகன். தூரத்து நகரம் ஒன்றில் இன்ஜினீயர். வருஷா வருஷம் அக்டோபரில் லீவு போட்டுவிட்டு வந்து அறுத்துக் கொடுக்கிறான். உங்களுக்குப் பிறகு இவன் பார்த்துக்கொள்வானா என்று கேட்டேன். கிழவர் தோளைக் குலுக்கினார். மகன் கூடையைக் குனிந்து பார்த்தான். நான் என் தம்பியைப் பார்த்தேன். "கேட்டாயா? விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று கேட்டாயா?" என்பது அந்தப் பார்வையின் அர்த்தம். நான் கொண்டுவந்த வார்த்தையை எடுத்து வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

அப்போது கிழவர் என்னைக் காட்டித் தம்பியிடம் ஏதோ கேட்டார். தம்பி பதில் சொல்லத் தயங்கினான்.

"என்ன கேட்கிறார்?"

"நம்ம ஊரிலே நிலம் உண்டான்னு கேட்டார். ஒரு வீடு இருக்குன்னேன். அண்ணன் அங்கேயே இருக்கார், அவர் பார்த்துக்கிறார், இல்லையான்னு கேட்கிறார்."

நான் பதில் சொல்லவில்லை. அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. சென்னையிலிருந்து ஒரு ராத்திரிப் பிரயாணம். அந்த இரண்டு வருஷத்தில் நான் போனது ஒரே ஒரு தடவை, திவசத்துக்கு. கொல்லைச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்ததைப் பார்த்தேன். நாலு இலை. பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன். ஐயர் வந்துவிட்டார், பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவன் வீட்டை விட்டுவிட்டான் என்று சண்டை போட வந்தவன் நான்!

"ஆமாம், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்" என்றேன் கடைசியில். தம்பி சொன்னான். கிழவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தப் பொய்யைக் கையில் திராட்சைக் குலையோடு அத்தனை செங்குத்தான இடத்தில் நின்று சொன்னேன், கால் நடுங்கியது.

அன்று இரவு பிரெம்மில் தங்கினோம். குடியுரிமையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் காலை மரியன்பர்க் என்ற குன்றுக்குப் போனோம். அங்கே நிலம் மிகவும் ஒடுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் மோசல். திரும்பி நின்று மறுபக்கம் பார்த்தாலும் அதே மோசல். முதல் பக்கம் தெரிகிற தண்ணீர் ஒரு டஜன் கிலோமீட்டர் போல் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருகிறது. எந்தப் பக்கம் ஆற்றின் போக்கு, எந்தப் பக்கம் வரவு என்று கேட்டேன். தம்பி கையை நீட்டிக் காட்டினான். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"கையெழுத்துப் போட்டுவிடு" என்றேன்.

அவன் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வீட்டை வித்துடலாமாண்ணா?" என்றான்.

"அது வேறு விஷயம். நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்."

ஊர் திரும்பிய வாரத்திலேயே ரயில் ஏறினேன். கன்று ஆள் உயரம் வளர்ந்திருந்தது. கையால் பிடுங்க முடியவில்லை. ஆள் வைத்துக் கடப்பாரை போட்டு வேரை எடுத்தபோது கொல்லைச் சுவரில் பாதி அதோடு வந்துவிட்டது. கொத்தனார் எத்தனை கேட்டார் என்று தம்பிக்கு எழுதினேன். பாதி அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. அடுத்த வரியில், தை மாதம் பத்து நாள் லீவு கேட்டிருப்பதாகவும், சுண்ணாம்பு அடிக்கும் வேலையைத் தனக்காக வைத்திருக்கும்படியும் எழுதியிருந்தான்.